மூன்றாம் ஓலை

ஐரின் ராஜநாயகத்துக்குக் காதலர்களைக் கண்டால் ஆகாது. கடற்கரை மணலில் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட கை காய்வதற்குள் எழுந்து வந்துவிடுவாள். அவள்தான் சுலோச்சனா என்ற பெயரில் மூன்று காதல் நாவல்கள் எழுதி, மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பாதிப் பெண்களைத் தேம்பித் தேம்பி அழவைத்தவள். மிட்டாய்க்கடைக்காரன் மிட்டாய் தின்று யார் பார்த்திருக்கிறோம்? அதே கதைதான்.

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் தமிழ் டீச்சர். இது நடந்த 1947-இல் வயது முப்பத்துநான்கு. கல்யாணமாகவில்லை. அண்ணன் விக்டர், அண்ணி நோரா வீட்டில் பின்னறை அவளுக்கு. அந்த அறையில் ஒரு வரிகூட எழுதமாட்டாள். எழுதுவதெல்லாம் பள்ளிக்கூடத்துத் தையல் அறையில், கடைசி மணி அடித்த பிறகு, பெண்கள் போட்டுவிட்டுப் போன நூல் துணுக்குகளுக்கு நடுவே. யுத்தம் முடிந்தும் காகிதப் பஞ்சம் முடியவில்லை. அதனால் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம்தான் அவளுக்குக் காகிதம். முன்பக்கத்தில் ஒரு பெண் 'பசுவினால் நமக்கு உண்டாகும் நன்மைகள்' எழுதி ஆறு மார்க் வாங்கியிருப்பாள். பின்பக்கத்தில் கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு ஜன்னலுக்குக் கீழே நிற்பான்.

முதலில் பென்சில், பிறகு மை. ஒரு நாளைக்கு நாலு பக்கம். அதற்குமேல் எழுதினால் காதல் புளித்துவிடும் என்பாள். பதினோராம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒருவர் விரல் ஒருவர்மேல் படக்கூடாது. கதாநாயகனின் முகத்தை வர்ணிக்கவே மாட்டாள், கைகளைத்தான் வர்ணிப்பாள். முகம் பழகப் பழகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவளுடைய கட்சி.

அவளுடைய வகுப்பு மேஜை இழுப்பறையில் துருப்பிடித்த இரும்புச் சாவி ஒன்று கிடக்கும். பள்ளியில் எந்தப் பூட்டுக்கும் அது சேராது. வருஷத்துக்கு வருஷம் வகுப்பறை மாறும்போது சாவியும் எப்படியோ புது மேஜைக்கு வந்து சேரும். இரண்டு தடவை குப்பையில் எறிந்தாள். இரண்டு தடவையும் மறுநாள் காலை இழுப்பறையில் இருந்தது. சாக்பீஸ், டஸ்டர் மாதிரி இதுவும் ஏதோ பள்ளிக்கூடத்துச் சாமான் என்று விட்டுவிட்டாள்.

சரி, காதலைக் கண்டால் ஆகாதவளுக்குக் கதை எங்கிருந்து கிடைத்தது? கோயிலிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு நீளக் காகிதத்தை எடுத்து ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகன் இன்னாருக்கும் இன்னாருடைய மகள் இன்னாளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இது முதல் ஓலை, இதற்கு விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் நம்மிடம் வந்து தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. மூன்றும் தாண்டினால் தாலி ஏறும்.

மற்றவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள். ஐரின் யாருக்கு நின்றுபோகும் என்று பார்ப்பாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, முக்காட்டுக்குள்ளிருந்து பெண்ணையும் பையனையும் மாற்றி மாற்றிக் கவனிப்பாள். பையனின் தாய் ஜெபமாலையை உருட்டுகிற வேகம், பெண்ணின் தகப்பன் தொண்டையைச் செருமுகிற விதம், எல்லாம் மனசில் ஏறும். இடைஞ்சல் இல்லாமல் மூன்றாம் ஓலையைத் தாண்டிய ஜோடியால் அவளுக்குப் பிரயோஜனமில்லை. அவர்கள் பாட்டுக்குக் கல்யாணம் செய்துகொண்டு போகட்டும் என்று கைகழுவிவிடுவாள்.

இதற்கெல்லாம் காரணம் அவளுக்கும் ஒரு தடவை ஓலை வாசித்ததுதான். 1940, ஜனவரி மாதம். மாப்பிள்ளை பிரகாசம், கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்பள்ளியில் டிராயிங் வாத்தியார். விரல்களில் எப்போதும் பென்சில் கரி ஒட்டியிருக்கும். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஐரின் நீலப் பட்டுக் கட்டிக்கொண்டு போனாள். சாமியார் மூன்று ஜோடிகளின் பெயரை வாசித்தார், காகிதத்தை மடித்தார், பலிபீடத்தின் பக்கம் திரும்பினார். நாலாவது ஜோடி அவளும் பிரகாசமும். யாரோ விக்கினம் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. என்ன விக்கினம், யார் சொன்னது என்று எந்த வீட்டிலும் பெண்ணிடம் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டார் மறுவாரமே பெரம்பூரில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஏழு வருஷமாக அந்தக் கோயிலில் தனக்கு முன்னால் தெரிந்த ஒவ்வொரு முதுகையும் அவள் சந்தேகப்பட்டாள். ஆர்மோனியம் வாசிக்கிறவனா, எதிர்வீட்டு ஃப்ளோராவா, மெழுகுவர்த்தி விற்கிற கிழவியா? பூசை முடிந்து யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், நீதானோ என்று மனசுக்குள் கேட்பாள். பங்கில் அவளுக்கு ஒரு சிநேகிதியும் மிஞ்சவில்லை. ஆண்கள் பக்கம் தூணோரம் நின்று உரத்த குரலில் பாடுகிற விக்டரைத் தவிர எல்லோரும் அவளுக்கு எதிரிகள்.

முதல் நாவலை 1943-இல் தியாகராய நகரில், பனகல் பார்க்குக்கு அடுத்த தெருவில் மாத நாவல் போடும் சுப்புராயனிடம் கொண்டுபோனாள். அவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே நாற்பது பக்கம் படித்தார்.

"உங்க கதாநாயகி எந்நேரமும் முழங்கால்லயே நிக்கிறா டீச்சரம்மா. எழுந்திருக்கவே மாட்டாளா?"

அதற்காக மாதா கோயிலைத் தெப்பக்குளத்துக் கோயிலாக்கினாள், ஓலையை நிச்சயதாம்பூலமாக்கினாள், மார்த்தாவை மங்களம் ஆக்கினாள். எழுதியவள் பெயர்தான் கடைசியாக மாறியது.

"ஐரின்னு போட்டா, கோயில் வாசல்ல சும்மா குடுக்கற புத்தகம்னு நெனச்சு எவளும் கைல எடுக்க மாட்டா" என்று சொல்லி, சுப்புராயன் சுலோச்சனா என்று தானே பெயர் வைத்தார். ஐரினுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பள்ளியை நடத்தும் கன்னிகாஸ்திரீ மதருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். காதல் என்ற சொல் வருகிறது என்று பாடப் புத்தகத்திலேயே இரண்டு செய்யுளின் மேல் காகிதம் ஒட்டி மறைத்த மதர் அவள்.

மூன்று நாவல்கள் நன்றாக விற்றன. நாலாவதில் தாம்பூலமும் மங்களமும் முடியாது என்று ஐரின் ஒற்றைக்காலில் நின்றாள். கோயில் கோயிலாகவே இருக்கவேண்டும், ஓலை ஓலையாகவே இருக்கவேண்டும். இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றுபோன ஒருத்தியின் கதை. சுப்புராயன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆனால் கல்யாணத்தைக் கெடுத்தவள் எதிர்வீட்டுப் பொறாமைக்காரி என்று எழுதியிருந்ததை மட்டும் ஏற்கவில்லை.

"எதிர்வீட்டுக்காரி கெடுத்தான்னா யாருக்குக் கோபம் வரும்? அது ஊர்ல நடக்கறதுதானே. குத்தவாளிய வீட்டுக்குள்ள வையுங்க. ஒரே பந்தில உக்காந்து சாப்பிடறவனா இருக்கணும்."

வீட்டுக்குள் யாரை வைப்பது? ஐரின் ஒரு சாயங்காலம் யோசித்துவிட்டு எதிர்வீட்டுக்காரியை அடித்தாள், கதாநாயகியின் அண்ணனை எழுதினாள். அப்பன் விட்டுப்போன வீடு தனக்கே வேண்டும் என்று அவன் சாமியாரிடம் போய், தங்கைக்கு க்ஷயரோகம் என்று பொய் சொல்கிறான். பார்த்து எழுத அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். அதனால் காபியை ஆற்றாமல் குடிப்பது, பேசுமுன் மோதிரத்தைச் சுழற்றுவது என்று விக்டரின் சேஷ்டைகளை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். பாவம், நல்லவனை இப்படிச் செய்கிறோமே என்று உறுத்தியது. அதனால் கடைசி அத்தியாயத்தில் அவனைத் தங்கை காலில் விழவைத்து, அவளை மன்னிக்கவும் வைத்தாள். நாவலுக்கு 'மூன்றாம் ஓலை' என்று பெயர்.

பிரஸ்ஸில் எழுத்துக் கோர்க்கிற கபாலி மயிலாப்பூர்க்காரன். புரூஃப் வந்தால் வீட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் ஐரினிடம் கொடுத்துவிட்டுப் போவான். கன்னிமாடத்துப் பள்ளிகளில் மதர் எந்தப் புனிதையின் பெயரைக் கொண்டவளோ அந்த அர்ச்சியசிஷ்டவளின் திருநாள் வந்தால் பள்ளிக்கு விடுமுறை. கபாலிக்கு அர்ச்சியசிஷ்டவளைப் பற்றி என்ன தெரியும்? ஒரு சனிக்கிழமை விசேஷ வகுப்பு உண்டு என்று ஐரின் சொல்லியிருந்ததை நம்பி வந்தவன், கேட்டில் பூட்டைப் பார்த்தான், விசாரித்துக்கொண்டு நேரே வீட்டுக்கே போய்விட்டான். ஐரின் அப்போது மை வாங்க லஸ்ஸுக்குப் போயிருந்தாள். நோரா கதவைத் திறந்து புரூஃப் கட்டை வாங்கிக்கொண்டாள்.

ஐரின் திரும்பி வந்தபோது முன்னறையில் நீள நீளமான புரூஃப் தாள்கள் நாற்காலி, மேஜை, தரை எல்லாவற்றிலும் கிடந்தன. நோராவின் மூக்கு சிவந்திருந்தது.

"நீதான் சுலோச்சனாவா? மூணு வருஷமா நான் அழுத அழுகையெல்லாம் நம்ம வீட்டுப் பின்னறைலேருந்தா வந்திச்சு? ஒரு வார்த்தை சொல்லலியே. சரி, இதுல வர்ற அண்ணி ஏன் வாயத் தொறந்தா வடையாவே தின்னுக்கிட்டிருக்கா?"

ஐரின் பதில் சொல்லுமுன் விக்டர் ஜன்னலோரத்திலிருந்து திரும்பினான். சனிக்கிழமை என்பதால் ஆபீசிலிருந்து மத்தியானமே வந்துவிட்டிருந்தான். கையில் ஒன்பதாம் அத்தியாயத்துத் தாள். மோதிரத்தைச் சுழற்றினான்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

எழுதுவதைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தாள். "நாலு வருஷமா எழுதறேன்" என்றாள்.

"எழுதறத யாரு கேட்டா? நான் கேக்கறது இத." தாளை ஆட்டினான். "பெரிய சாமியார் செத்தே அஞ்சு வருஷமாச்சு. சாகறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொன்னாரா? அறைக்குள்ள சொன்னத ஒரு குருவானவர் வெளிய விடலாமா?"

டீச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்புச் செய்த பிள்ளை தானாக வாயைத் திறந்தால் குறுக்கே பேசக்கூடாது. ஐரினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தால் சும்மா நின்றாள்.

"க்ஷயரோகம்னு எழுதி அசிங்கப்படுத்தியிருக்க. நான் எங்க க்ஷயம்னு சொன்னேன்? வலிப்புன்னுகூடச் சொல்லல. தங்கச்சிக்கு அப்பப்ப மயக்கம் வரும்னுதான் சொன்னேன். பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்து கோயில்ல விழல நீ? அதத்தான் சொன்னேன். காக்காவலிப்புன்னு எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்ல சொன்னது அவரு. அதுக்கு நான் பொறுப்பா?"

நோரா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "யாருக்கு வலிப்பு?" என்றாள்.

ஐரின் மைப்புட்டியை மேஜைமேல் வைத்தாள். பதினாறு வயதில், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சிலுவைப்பாதை நடந்து விழுந்தது அது. ஒரே தடவை. விக்டர்தான் தூக்கிக்கொண்டு வந்து பானகம் கொடுத்தான்.

"ஏன்?" என்றாள்.

"அம்மா படுக்கையா கெடந்தாங்க. நீ போயிட்டா யாரு பாத்திருப்பா? இவளா?" நோராவின் பக்கம் தலையை அசைத்தான். "பீத்துணி அலசுவாளா இவ? ஒரு வருஷம் தள்ளிப் போனாப் போதும்னு நெனச்சேன். அவனுங்க அவசரப்பட்டா நான் என்ன செய்ய?"

அம்மா அந்த வருஷமே நவம்பர் மாதம் செத்துப்போனாள். பத்து மாதம். ஐரினுக்குக் கணக்குப் போடவேண்டியிருக்கவில்லை, அவள்தான் அந்தத் துணிகளை அலசியவள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெறுப்பு வந்தது. எதிர்வீட்டு ஃப்ளோராவையும் மெழுகுவர்த்திக் கிழவியையும் ஏழு வருஷம் வெறுத்தது எல்லாம் வீண் செலவு என்று ஆத்திரமாக வந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசைப்படி அடுக்கி, தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் பூசைக்கும் அவர்களோடு போகவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடில் இழுப்பறையைத் திறந்தாள். சாவி கிடந்தது. ஏழு வருஷமாகப் பார்த்த அதே சாவிதான். இப்போது அது வெறும் பள்ளிக்கூடத்துச் சாமானாகத் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போனாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிற ஆயா பாஞ்சாலி அங்கே தண்ணீர்ப் பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாஞ்சாலி, இது எதுக்கு என் மேஜைல இருக்கு?"

பாஞ்சாலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "எனுக்கு இன்னா டீச்சர் தெரியும்? மதர் சொன்னாங்கோ, வெச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"உனுக்கு வலிப்பு கீதாம். வுழுந்தா கையில இரும்பு குடுக்கணுமாம். வகுப்புல பெரிய பொண்ணு யாரோ அவகிட்ட சொல்லி வெப்பேன், டீச்சர் வுழுந்தா இத்த எடுத்துக் கையில வெச்சி அழுத்துன்னு. வருசா வருசம் சொல்லிக்கினுதான் கீறேன்." பானையைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா நீ ஒரு தபா கூட வுழலியே டீச்சர். நானும் ஏழு வருசமா பாக்கிறேன்."

ஒருத்திக்குச் சொன்னால் வகுப்புக்கே சொன்ன மாதிரி. ஒவ்வொரு வருஷமும் நாற்பது பேர், அவள் விழுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்தும்போது முதல் வரிசை ஏன் இவ்வளவு கவனமாக முகத்தைப் பார்க்கிறது என்று அவள் பெருமைப்பட்டதுண்டு. ஒரு தடவை லஸ்ஸில் டிராமில் ஏறியபோது பிரகாசம் கர்ப்பிணி மனைவியோடு உட்கார்ந்திருந்தான். இவளைக் கண்டதும் மனைவியை எழுப்பி மறுகோடிக்கு அழைத்துப் போனான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து அன்று முழுவதும் மனசு இளகிக்கிடந்தாள். அது வெட்கம் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்குப் பயந்திருக்கிறான்.

சாயங்காலம் விக்டர் கையில் அல்வாப் பொட்டலத்தோடு பின்னறை வாசலுக்கு வந்தான். குரலில் எண்ணெய் தடவியிருந்தது.

"இத பாரு ஐரின். நீ எழுதறத நான் வேணாங்கல. மதர்கிட்டயும் சொல்ல மாட்டேன். முன்னறை மேஜையவே எடுத்துக்க. அந்த அண்ணனை மட்டும் சித்தப்பான்னு மாத்திடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"எதுக்கு? சுலோச்சனாங்கற பேர்லதானே வருது. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தனுக்கும் தெரியாது. அது எனக்கும் தெரியுது. ஆனா நோரா மூஞ்சிய என்னால பாக்க முடியல. படிக்கறப்பல்லாம் அவளுக்கு நான்தான் ஞாபகம் வருவேன்."

ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தச் சொல்தான் ஐரினைப் பிடித்துக்கொண்டது. ஏழு வருஷம் இவனும் அப்படித்தானே ஒளிந்திருந்தான்? சாமியார் அறைக்குள் போய் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வெளியே வந்து, கோயிலில் அவள் காதில் விழும்படி உரக்கப் பாடினான். அவளோ தான் எழுதியதையே வேறு ஒருத்தி பெயரில் ஒளித்துக்கொண்டிருக்கிறாள்.

"யோசிக்கறேன்" என்றாள். அல்வாவைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறித் தியாகராய நகர் போனாள். சுப்புராயன் முன்னால் புரூஃப் கட்டை வைத்தாள். க்ஷயரோகம் என்று வந்த இடமெல்லாம் மயக்கம் என்று திருத்தியிருந்தாள். கடைசி அத்தியாயத்தில் அண்ணன் காலில் விழுகிற ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு. அந்த இடத்தில் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் புதிதாக எழுதிய பக்கம் ஒன்றை ஊசி குத்தி வைத்திருந்தாள். கதாநாயகியின் மேஜை இழுப்பறையில் கிடக்கும் ஒரு சாவியைப் பற்றிய பக்கம் அது.

சுப்புராயன் படித்துவிட்டுப் பொடி டப்பாவைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கு. ஆனா மன்னிப்பு இல்லாம முடிக்கிறீங்களே, பொம்பளைங்க ஏத்துக்குவாங்களா?"

"ஏத்துக்காட்டி போகட்டும். இன்னொரு திருத்தம் இருக்கு. அட்டைல சுலோச்சனா வேண்டாம். ஐரின் ராஜநாயகம், சாந்தோம்னு போடுங்க."

"என்ன டீச்சரம்மா, வெளையாடறீங்களா? மூணு புத்தகம் போட்டு அந்தப் பேர வளர்த்திருக்கேன். பேர மாத்தினா பாதி கூட போகாது. உங்க வேலையும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப எதுக்கு?"

"சுலோச்சனாவுக்கு அண்ணன் கிடையாது சார். எனக்கு இருக்காரு."

சுப்புராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு கோபப்பட்டார். உங்கள் வீட்டுச் சண்டைக்கு என் பத்திரிகை கிடைத்ததா என்றார். முடியவே முடியாது என்றார். ஐரின் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முடியாவிட்டால் கதையும் இல்லை. அந்த மாதத்துக்கென்று சர்க்காரில் கெஞ்சி வாங்கிய காகித ஒதுக்கீடு மாதக் கடைசிக்குள் அச்சேறாவிட்டால் காலாவதியாகிவிடும். கையில் வேறு கதையும் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளே எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்த கபாலி எட்டிப் பார்த்தான். "இன்னா மொதலாளி, பேருதானே? பெரிய மர எழுத்துல கோத்துடறேன். ஒரு நாழி வேலை. டீச்சரம்மா பேருல ரானா நானா எல்லாம் கைவசம் கீது."

"நீ உன் வேலையப் பாருடா" என்று சீறினார் சுப்புராயன். ஆனால் புரூஃப் கட்டின் மேல் கையை வைத்தார். "வேலை போச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன். உங்க பிரஸ்ஸுக்குப் புரூஃப் பாக்க ஆள் இல்ல. ஒரு பக்கத்துக்கு எட்டுத் தப்பு விடறீங்க. அந்த வேலைய எனக்குக் குடுங்க."

பெண்பிள்ளை பிரஸ்ஸில் உட்காருவதா என்று அவர் முனகினார். கபாலி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான்.

புத்தகம் ஒரு வெள்ளிக்கிழமை கடைகளுக்கு வந்தது. சனிக்கிழமை காலை மதர் கூப்பிட்டு அனுப்பினாள். மேஜைமேல் புத்தகம் கிடந்தது, அட்டை கீழ்ப்பக்கமாக. இப்படி ஒரு அசிங்கத்தை எழுதிய கையால் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம் என்றாள் மதர். அசிங்கம் எது, காதலா, சாவியா என்று ஐரின் கேட்டாள். மதர் பள்ளிச் சாவிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். அலமாரிச் சாவி, தையல் அறைச் சாவி இரண்டையும் ஐரின் மேஜைமேல் வைத்தாள். துருப்பிடித்த சாவியை வைக்கவில்லை. "இது எந்தப் பூட்டுக்கும் சேராது மதர். எனக்காக வாங்கினது, நானே வெச்சிக்கறேன்" என்றாள். மதர் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே கோபாலபுரத்தில் ஒரு பங்களாவின் பின்கட்டில் பார்த்து வைத்திருந்த அறைக்கு டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோய்விட்டாள். விக்டர் அடுக்களையில் காபி குடித்துக்கொண்டு வெளியே வரவேயில்லை. நோராதான் ரிக்ஷா வரை வந்தாள். பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐரின் இரண்டாம் பூசைக்கு வந்தாள். அதே மூன்றாவது வரிசை. பல முக்காடுகளுக்குள் புத்தகம் இருந்தது. படிக்காதவர்களுக்குப் படித்தவர்கள் வாசலிலேயே சொல்லி முடித்திருந்தார்கள். பிரசங்கம் முடிந்து சாமியார் நீளக் காகிதத்தை எடுத்தார். இரண்டு ஜோடிகள். விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் நம்மிடம் வந்து தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் வாசித்தபோது கோயிலில் பாதித் தலைகள் ஆண்கள் பக்கம் இரண்டாவது தூணை நோக்கித் திரும்பின. அங்கேதான் விக்டர் எப்போதும் நிற்பான். நோரா அன்று முதல் வரிசையில் தனியாக முழந்தாளிட்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் ஏழைகளுக்கான காணிக்கைத் தட்டை ஏந்தி வாசலில் நிற்பது விக்டரின் பொறுப்பு. வருஷக்கணக்காகச் செய்கிறான், அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. அன்றும் நின்றான். நிற்காமல் போயிருந்தால் ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். சிலர் தட்டில் போட்டார்கள், சிலர் போடவில்லை, ஒருவரும் வழக்கம்போல் கும்பிட்டுத் தோத்திரம் சொல்லவில்லை. ஃப்ளோரா நின்று அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். தட்டில் இருந்த சில்லறை கலகலவென்று ஆடிச் சத்தமிட ஆரம்பித்தது.

ஐரின் படியிறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். விக்டர் சிரித்தபடியே இருந்தான். கைதான் நிற்கவில்லை.

அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். அவனுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் அதை வைத்து, மோதிர விரலோடு சேர்த்து எல்லா விரல்களையும் மடக்கி அழுத்தினாள்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க அண்ணா" என்றாள். "நடுக்கம் நிக்கும்."

அவன் கையை விட்டுவிட்டு லஸ் பக்கமாக நடந்தாள். புது நாவலின் முதல் அத்தியாயத்தைப் புதன்கிழமைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தாள்.